1908-ல் இங்கிலாந்து பிரபு மாளிகையில் வளரும் குழந்தை: அன்றாடம் எப்படி இருந்திருக்கும்?

செம்பருத்தி:

வணக்கம். இளையோருக்கான நாவல் ஒன்று எழுதுகிறேன். களம் டெர்பிஷயர், 1908 குளிர்காலம், ஏர்ல் பட்டம் உள்ள ஒரு பிரபுவின் மாளிகை. நாயகிக்கு 8 வயது. 10 வயதில் அண்ணன், 3 வயதில் தம்பி. முதல் வரைவில் நான்கு காட்சிகள் உள்ளன. காலையில் பெரிய படிக்கட்டில் ஓடி இறங்கி அப்பா அம்மாவோடு சாப்பிடுகிறாள். பகலில் அண்ணனோடு விளையாடுகிறாள். சமையலறைக்குள் புகுந்து யாருக்கும் தெரியாமல் கேக் எடுக்கிறாள். ராத்திரி சுவிட்சை அணைத்துவிட்டுத் தூங்குகிறாள். இவை அந்தக் காலத்துக்கும் வீட்டுக்கும் பொருந்துமா? எங்கே தூங்குவாள், யார் எழுப்புவார்கள், என்ன சாப்பிடுவாள், குளிர் எப்படி இருக்கும், இப்படிக் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய விவரங்கள் வேண்டும். தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து எழுதியது போல இருக்கக்கூடாது.

மாடிப்படி:

முதல் காட்சி நிற்காது. அந்த வீடுகளில் 8 வயதுக் குழந்தை பெற்றோருடன் உட்கார்ந்து காலை உணவு சாப்பிடுவது வழக்கமில்லை. அவள் உலகம் நர்சரி, அதாவது வீட்டில் குழந்தைகளுக்கென்றே ஒதுக்கிய பகுதி. அது பெரும்பாலும் மேல்மாடியிலோ தனிச் சிறகிலோ இருக்கும். அழுகைச் சத்தம் கீழே கேட்கக்கூடாது, விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாது, அதற்காகத்தான் அவ்வளவு தூரம். அங்கே போக வேறு மாடிப்படி உண்டு. குறுகலாக, கம்பளம் இல்லாமலோ தேய்ந்த கம்பளத்துடனோ இருக்கும். உங்கள் பெண் அன்றாடம் ஏறி இறங்குவது அந்தப் படியில்தான்.

நர்சரி ஓர் அறை இல்லை, பல அறைகள். பகலில் இருக்கும் அறை ஒன்று, தூங்கும் அறை ஒன்று. வசதியான வீடுகளில் பாத்திரம் கழுவ ஒரு சிறு அறையும் குளியலறையும் சேரும். கார்ன்வாலில் உள்ள லான்ஹைட்ராக் மாளிகையில் இந்த அமைப்பை முழுதாகப் பார்க்கலாம். 1881 தீவிபத்துக்குப் பிறகு கட்டியது, உங்கள் காலத்துக்குப் பொருந்தும். டெர்பிஷயரிலேயே என்றால் சட்பரி ஹாலில் குழந்தைப்பருவ அருங்காட்சியகம் இருக்கிறது.

நர்சரி ஜன்னல்களில் குறுக்கே இரும்புக் கம்பிகள் இருக்கும். கணப்பைச் சுற்றி இடுப்பளவு உயரத்தில் கம்பிவலைத் தடுப்பு, மேல்விளிம்பில் பித்தளைப் பட்டை. குழந்தை இழுத்தாலும் சாயாதபடி அதைச் சுவரில் கொக்கி போட்டு மாட்டியிருப்பார்கள். ஈரத்துணி, காலுறை, துண்டு எல்லாம் காய்வது அந்தப் பட்டையில்தான். காய்கிற கம்பளித் துணியின் வாடை நர்சரியை விட்டுப் போகவே போகாது. இந்த ஒரு பொருளைச் சரியாக எழுதினாலே அறை வந்துவிடும்.

அங்கே ஆட்சி நானியுடையது, அதாவது குழந்தைகளை வளர்க்கும் தாதியுடையது. அவருக்குக் கீழே ஒன்றோ இரண்டோ நர்சரி வேலைக்காரப் பெண்கள். கைக்குழந்தையும் சின்னக் குழந்தைகளும் தூங்கும் அறையிலேயே நானியும் படுப்பார். பெற்றோரைவிட நானியிடம் ஒட்டுதல் அதிகமாக இருப்பது சாதாரணம். வின்ஸ்டன் சர்ச்சிலை வளர்த்த எலிசபெத் எவரெஸ்ட் நல்ல உதாரணம். அவர் மணமாகாதவர், ஆனாலும் 'மிஸஸ்' எவரெஸ்ட். நானி, தலைமைச் சமையல்காரி, வீட்டு நிர்வாகி ஆகியோருக்கு மணமாகாவிட்டாலும் மரியாதைக்காக அந்த அடைமொழி போடுவது வழக்கம்.

8 வயது என்பதால் உங்கள் பெண் இரண்டு இடத்துக்கும் நடுவில் இருக்கிறாள். பாடம் நடப்பது வீட்டிலேயே உள்ள பாட அறையில், கவர்னஸிடம், அதாவது வீட்டோடு தங்கிக் கற்பிக்கும் ஆசிரியையிடம். தூங்குவதும் தேநீர் குடிப்பதும் இன்னும் நர்சரிப் பக்கமாகவே இருக்கலாம். நானிக்கும் கவர்னஸுக்கும் ஒத்துப்போகாது. 'இவள் யார் பொறுப்பு' என்ற இழுபறி 6 வயதிலிருந்து 9 வயது வரை நடக்கும். கதைக்கு இது பெரிய வரம், விட்டுவிடாதீர்கள். கவர்னஸ் வேலையாளும் இல்லை, குடும்பத்தாரும் இல்லை. ராத்திரிச் சாப்பாடு தட்டில் வைத்து அவர் அறைக்கே வரும், தனியாகத்தான் சாப்பிடுவார்.

நாள் இப்படிப் போகும். விடியும் முன்பே வேலைக்காரப் பெண் வந்து சாம்பலை அள்ளிக் கணப்பு மூட்டுவாள். 7 மணிக்கு மேல் எழுப்புவார்கள். 8 மணிக்கு ஓட்ஸ் கஞ்சி, ரொட்டி வெண்ணெய், சில நாள் அவித்த முட்டை. பிறகு பாடம், மழை இல்லையென்றால் கட்டாய நடை. 1 மணிக்கு முக்கியச் சாப்பாடு: ஆட்டிறைச்சி, வேகவைத்த காய்கறி, கடைசியில் பாலில் குழைத்த அரிசியோ ஜவ்வரிசியோ. மசாலாவும் கொழுப்பும் குழந்தை வயிற்றுக்கு ஆகாது என்று உறுதியாக நம்பினார்கள். அதனால் கீழே பத்து வகை விருந்து நடக்கிற நாளிலும் மேலே இதே ஜவ்வரிசிதான். 4 மணி வாக்கில் தேநீர். அப்போதும் வெண்ணெய் தடவிய ரொட்டியை முடித்தால்தான் கேக்கைத் தொடலாம். வயிறு சரியில்லை என்றால் விளக்கெண்ணெய், இல்லாவிட்டால் கிரிகரி பொடி. அது ருபார்ப் வேர், இஞ்சி, மெக்னீசியா சேர்ந்தது, விளக்கெண்ணெயைவிட மோசமான சுவை.

5 மணிக்குத்தான் பெற்றோர். முகம் கழுவி, தலை வாரி, வெள்ளை மஸ்லின் கவுனும் இடுப்பில் பட்டு நாடாவும் கட்டி வரவேற்பறைக்கு இறக்குவார்கள். நானி வாசலோடு நின்றுவிடுவார். ஒரு மணி நேரம். அம்மா வாசித்துக் காட்டலாம், சீட்டு விளையாடலாம். 6 மணிக்குத் திரும்ப மேலே.

அப்பாவைக் காலையில் காட்டியே ஆகவேண்டும் என்றால் வழி இருக்கிறது. பல வீடுகளில் காலை உணவுக்கு முன் குடும்பப் பிரார்த்தனை நடக்கும். வேலையாட்கள் அந்தஸ்து வரிசைப்படி உள்ளே வந்து நிற்பார்கள், வீட்டுத் தலைவர் வாசிப்பார். பெண்ணை அங்கே கவர்னஸ் பக்கத்தில் நிறுத்துங்கள். அப்பாவைப் பார்க்கிறாள், பேச முடியாது. உங்கள் முதல் காட்சிக்கு இது பலமான மாற்று.

கரிவாளி:

குளிர், தண்ணீர், வெளிச்சம் பற்றி நான் சேர்க்கிறேன்.

இந்த வீடுகளில் கணப்பு எரிந்தாலும் அறை சூடாகாது. புகைபோக்கி வழியே சூடான காற்று மேலே ஏறிக்கொண்டே இருக்கும், அதற்கு ஈடாக ஜன்னல் இடுக்கிலும் கதவடியிலும் வெளிக்காற்று உள்ளே வரும். தீ பெரிதாக எரிய எரிய முதுகில் அடிக்கிற குளிர்காற்றும் கூடும். உயரமான முதுகுள்ள நாற்காலி, மடக்குத் திரை, கதவடியில் மணல் அடைத்த துணிச்சுருள் எல்லாம் இதற்காக வந்தவை. உங்கள் காட்சியில் பெண்ணின் முகம் சிவக்க வேண்டும், முதுகு நடுங்க வேண்டும். நடைபாதைகளில் கணப்பே கிடையாது. சில வீடுகளில் நீராவி அல்லது வெந்நீர்க் குழாய்கள் வந்துவிட்டன, ஆனால் அவை பெரும்பாலும் கூடத்துக்கும் முக்கிய நடைகளுக்கும் மட்டும்.

விரைத்த விரலை நேராகத் தீயில் காட்டினால் விரல் சிவந்து வீங்கி, ராத்திரி போர்வைக்குள் தாங்க முடியாமல் அரிக்கும். குளிரில் சுருங்கிய நுண் ரத்தக்குழாய்கள் சூட்டில் திடீரென விரிவதால் வருவது. அங்கே குழந்தைகளுக்கு ஒவ்வொரு குளிர்காலமும் வரும். 'கையைத் தேய், தீக்கிட்டே போகாதே' என்பது நானி அன்றாடம் சொல்லக்கூடிய வசனம்.

குளியல்: குழாய்த் தண்ணீர் உள்ள குளியலறை 1908-ல் இருக்கலாம், ஆனால் பழைய வீடுகளில் நர்சரிக் கணப்புக்கு முன்னால் தகரத் தொட்டி வைத்துக் குளிப்பாட்டுவது இன்னும் நடக்கிறது. கீழே கொதிகலனிலிருந்து செம்பு அல்லது பித்தளைக் கேன்களில் வெந்நீர் வரும். ஒரு கேனில் 10 லிட்டருக்கு மேல் பிடிக்கும். ஒரு தொட்டிக்கு நாலைந்து கேன், அத்தனையும் பின்படிக்கட்டில் கையால் தூக்கி வரவேண்டும். முதலில் பச்சைத்தண்ணீர், பிறகு வெந்நீர். மாற்றி ஊற்றினால் அடித்தகரம் கொதித்துக் குழந்தையின் கால் சுட்டுவிடும். ஒரே தண்ணீரில் சின்னவன் முதலில், பெரியவள் பிறகு. முடிந்ததும் அழுக்குத் தண்ணீரை மொண்டு திரும்பக் கீழே சுமக்க வேண்டும். இதை நாவல்கள் எப்போதும் மறந்துவிடுகின்றன. குளியலில் பாதி வேலை அதுதான்.

சுவிட்ச்: முடியாதது இல்லை. நார்தம்பர்லாந்தின் கிராக்சைடில் நீர்மின்சாரத்தில் 1878-ல் வில்விளக்கும் 1880-ல் ஸ்வானின் குமிழ்விளக்குகளும் எரிந்தன. ஹாட்ஃபீல்டில் சாலிஸ்பரி பிரபு மரம் அறுக்கும் ஆலையிலிருந்து மின்சாரம் இழுத்தார். அங்கே கூரைக் கம்பி தீப்பொறி விட்டுப் பற்றும்போது குடும்பத்தார் மெத்தைத் தலையணைகளை மேலே எறிந்து அணைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்களாம். ஆனால் மின்சாரம் உள்ள வீட்டிலும் முதலில் கிடைப்பது வரவேற்பறைகளுக்கு, நர்சரிக்கு மெதுவாகத்தான் வரும். உங்கள் பெண்ணுக்கு எண்ணெய் விளக்கும் மெழுகுவத்தியும் பாதுகாப்பான தேர்வு. மேசை விளக்குகளைக் காலையில் விளக்கறைக்கு எடுத்துப் போய், திரி வெட்டி, கண்ணாடி துடைத்து, எண்ணெய் நிரப்பி மாலையில் திரும்பக் கொண்டுவருவார்கள். திரியைக் கோணலாக வெட்டினால் சுடர் ஒரு பக்கம் உயர்ந்து கண்ணாடி கரியாகும். ராத்திரிக்குக் குட்டையான பருத்த மெழுகுத் திரி, தண்ணீர் ஊற்றிய தட்டில் நிற்கும். அதை யாரும் அணைப்பதில்லை, தானாகத் தீரும்.

மணி: கணப்புக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதை இழுத்தால் சுவருக்குள் ஓடும் செம்புக் கம்பி, மூலைக்கு மூலை ஒரு முக்கோணத் திருப்பியைத் தள்ளி, கீழே வேலையாட்கள் நடையில் சுருள்வில்லில் தொங்கும் மணியை ஆட்டும். மணிச்சத்தம் ஓய்ந்த பிறகும் அதனடியில் உள்ள ஊசல் சற்று நேரம் ஆடிக்கொண்டிருக்கும். ஓடி வந்தவர் எந்த அறை என்று பார்க்க அதுதான் வழி. பழகியவர்களுக்கு ஒவ்வொரு மணியின் குரலும் தெரியும். கம்பி நீண்டுபோவதும் திருப்பி துருப்பிடித்து இறுகுவதும் ஓயாத தொல்லை. மேல்மாடிக்குப் போகும் கம்பி நீளம் என்பதால் முதலில் பழுதாவது அதுவே. நானி இழுத்து இழுத்து யாரும் வராத காட்சி வேண்டுமானால் காரணம் கையில் இருக்கிறது.

ஒன்று மட்டும் கவனம்: புகைபோக்கியைச் சுத்தம் செய்ய உள்ளே ஏறும் சிறுவனைக் கதையில் நுழைத்துவிடாதீர்கள். 1875 சட்டத்தோடு அது ஓய்ந்துவிட்டது.

செம்பருத்தி:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, நன்றி. மூன்று சந்தேகம். கேக் காட்சியைக் காப்பாற்ற முடியுமா? வேலையாட்கள் பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுவார்கள்? கடைசி அத்தியாயத்தில் அவள் 50 வயதில் அந்த வீட்டுக்கு வருகிறாள். அதாவது 1950. அப்போது வீடு யாரிடம் இருக்கும், என்ன நிலையில் இருக்கும்?

மாடிப்படி:

கேக்கைக் காப்பாற்றலாம், இடத்தை மாற்றினால். பெரிய வீட்டில் கேக், ஜாம், பிஸ்கட் தயாராவது சமையலறையில் இல்லை, ஸ்டில்ரூம் என்ற தனி அறையில். அது வீட்டு நிர்வாகியின் பொறுப்பு, பக்கத்திலேயே அவர் உட்காரும் அறை. தேயிலை, சர்க்கரை, கிராம்பு, பட்டை எல்லாம் அவர் சாவிக்குள். அதனால் திருட்டு நடப்பது ஸ்டில்ரூமில், பிடிப்பவர் வீட்டு நிர்வாகி. சமையலறையில் 1908-ல் பிற்பகல் முழுக்க ஆள் இருப்பார்கள், ராத்திரி விருந்துக்கான வேலை அப்போதுதான் சூடுபிடிக்கும். குழந்தை மறைந்து நுழைய இடமே இல்லை.

போகும் வழியில் பச்சைக் கம்பளித்துணி போர்த்தி, ஓரமெல்லாம் பித்தளை ஆணி அடித்த கதவு ஒன்று வரும். குடும்பத்தார் பகுதிக்கும் வேலையாட்கள் பகுதிக்கும் எல்லை அது, சத்தத்தையும் சமையல் வாடையையும் தடுக்க வைத்தது. இந்தப் பக்கம் கம்பளம், அந்தப் பக்கம் கல்தரை. அம்மா அந்தக் கதவைத் தாண்டுவது அபூர்வம். இந்தப் பக்க வேலையில்லாத பணிப்பெண் இங்கே தலைகாட்ட முடியாது. இரண்டு பக்கமும் போய்வர முடிந்தது பிள்ளைகளால்தான். அண்ணனுக்கு எந்த வேலையாளின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்திருக்கும், பிரபுவுக்குத் தெரிந்திருக்காது. உங்கள் கதையின் உயிர் அந்தக் கதவில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். மற்றதைச் சுருக்கினாலும் அதைச் சுருக்காதீர்கள்.

சமையலறைக்கும் நர்சரிக்கும் சண்டை எப்போதும் உண்டு. தட்டைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுவது யார் வேலை என்பதில் தொடங்கும். தூரத்தால் சாப்பாடு ஆறித்தான் வரும். இறைச்சியின் குழம்பு தட்டோரத்தில் வெள்ளைக் கொழுப்பாக உறைந்திருக்கும், அதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும்.

குடிவழி:

பெயர் விஷயத்தில் பல நாவல்கள் சறுக்கும். ஏர்லின் மகள் என்றால் முதல்பெயருக்கு முன் 'லேடி'. மார்கரெட் என்றால் வேலையாட்களுக்கு அவள் 8 வயதிலும் 'லேடி மார்கரெட்'. மூத்த மகன் அப்பாவின் இரண்டாம் பட்டத்தை மரியாதைப் பட்டமாகப் பயன்படுத்துவான், அது பெரும்பாலும் வைகவுன்ட், ஏர்லுக்கு ஒரு படி கீழான பட்டம். 10 வயதுப் பையனை 'மை லார்ட்' என்பார்கள். தம்பிக்கு 'ஆனரபிள்' உறை மேல் எழுதத்தான், பேச்சில் வராது. வேலையாட்கள் அவனை 'மாஸ்டர்' சேர்த்துக் கூப்பிடுவார்கள். பட்டத்தின் பெயரும் குடும்பப் பெயரும் பெரும்பாலும் வேறாக இருக்கும்: டெவன்ஷயர் டியூக் குடும்பப் பெயர் கேவண்டிஷ், சாலிஸ்பரி மார்க்விஸ் குடும்பப் பெயர் செசில். பிள்ளைகளின் பெயரோடு பட்டப்பெயரை ஒட்டிவிடாதீர்கள். ஆண் வேலையாட்களின் தலைவரான பட்லரைக் குடும்பத்தார் வெறும் குடும்பப் பெயரால் கூப்பிடுவார்கள், வீட்டு வேலைப் பெண்களை முதல்பெயரால்.

அண்ணன் 8 வயதிலேயே உண்டுறைப் பள்ளிக்குப் போயிருப்பான். 13-ல் ஈட்டன் அல்லது ஹாரோ. அதனால் உங்கள் இரண்டாவது காட்சி நடக்க வேண்டுமானால் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி பின்பாதி வரையிலான விடுமுறைக்குள் வையுங்கள். அவளைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள். 17, 18 வரை கவர்னஸ்தான். பிரெஞ்சு, பியானோ, கொஞ்சம் வரலாறு, படம் வரைதல். அண்ணன் லத்தீன் படிக்கிறான், அவள் படிக்கவில்லை என்ற வயிற்றெரிச்சலுக்கு இடம் உண்டு.

வீடு யாருக்கு என்றால், அவளுக்குக் கிடையாது. நிலமும் வீடும் ஆண்வாரிசில் மூத்தவனுக்கு என்று முன்பே எழுதிவைத்திருப்பார்கள். கென்ட்டில் உள்ள நோல் மாளிகையில் 1892-ல் பிறந்து அங்கேயே வளர்ந்த ஒரே பிள்ளை வீட்டா சாக்வில்-வெஸ்ட். 1928-ல் அப்பா இறந்ததும் வீடு சித்தப்பாவுக்குப் போனது. அண்ணன் தம்பி இருக்கும் உங்கள் பெண்ணுக்குக் கேள்வியே எழாது. ஆனால் நீங்கள் கொடுத்த வயதுகளைக் கணக்குப் போடுங்கள்: அண்ணன் 1898-ல் பிறந்தவன், 1916-ல் 18 வயது. முதல் உலகப் போரில் அந்த வகுப்புப் பையன்கள் நேராக இளநிலை அதிகாரியாகப் போர்முனைக்குப் போனார்கள், அவர்களில் இறப்பு மிக அதிகம். லான்ஹைட்ராக் வாரிசு டாமி அகர்-ரோபார்ட்ஸ் 1915-ல் லூஸ் போரில் விழுந்தார். அண்ணன் திரும்பாவிட்டால் ஜவ்வரிசி சாப்பிட்ட அந்த 3 வயதுத் தம்பிதான் அடுத்த ஏர்ல்.

1950-ல் வீட்டின் கதியை முடிவு செய்வது மரண வரி, இறந்தவர் விட்டுப்போகும் சொத்தின் மேல் போடுவது. அது 1894-ல் வந்தது. உச்ச விகிதம் அப்போது 8%. 1919-ல் 40%, 1940-ல் 65%, 1949-ல் 80%. உங்கள் ஆண்டு 1950 என்பதால் பக்கத்து உதாரணமே இருக்கிறது. டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த், டெவன்ஷயர் டியூக்கின் மாளிகை. 10-ஆம் டியூக்கின் மூத்த மகன் 1944-ல் பெல்ஜியத்தில் போரில் இறந்தார். டியூக் 1950 நவம்பரில் இறந்தார். சொத்தை முன்கூட்டியே மாற்றியிருந்தார், ஆனால் வரி விலக்குக்குத் தேவையான 5 ஆண்டு முடிய மூன்று மாதத்துக்குச் சற்று அதிகம் பாக்கி இருந்தது. 80% இளைய மகன் தலையில் விழுந்தது. வரிக்கு ஈடாகக் குடும்பத்தின் இன்னொரு மாளிகையான ஹார்ட்விக் ஹாலையே அரசுக்குக் கொடுத்தார்கள், அது 1959-ல் பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்குப் போனது. அப்படியும் சாட்ஸ்வொர்த் பிழைத்தது. பிழைக்காதவை ஏராளம். நம் பாக் நீரிணைக்குப் பெயர் தந்த மதராஸ் கவர்னர் ராபர்ட் பாக், 1769-ல் டெவனில் வாங்கிய ஹால்டன் ஹவுஸின் பெரும்பகுதி 1920-களிலேயே இடிக்கப்பட்டது.

கரிவாளி:

1950-ல் வீட்டின் நிலைக்கு முதலில் கூரையைப் பாருங்கள். தட்டையான பகுதிகளில் ஈயத் தகடு. வெயிலில் விரிந்து இரவில் சுருங்கி ஈயம் மெல்லச் சரியும். தகட்டைப் பெரிதாக வெட்டிப் போட்டிருந்தால் சீக்கிரமே கீறல் விடும். கைப்பிடிச்சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும் வடிகாலில் இலை அடைத்தால் தண்ணீர் வெளியே போகாமல் உத்திர நுனிக்குள் இறங்கும். போர் ஆண்டுகளில் இலை அள்ள ஆளில்லை. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டியதும் உலர் அழுகல் பூஞ்சை பிடிக்கும். முதல் அடையாளம் காளான் வாடை, பிறகு செங்கல்பொடி நிறத்தில் மெல்லிய தூசி, பிறகு கட்டம் கட்டமாக வெடித்த மரம். அது சுவரின் காரைக்குள்ளும் புகுந்து அடுத்த அறைக்குப் போகும். தெரியும் இடத்தை மட்டும் வெட்டினால் மறுபடி வரும், அதனால் அழுகலைத் தாண்டியும் நல்ல மரத்தைச் சேர்த்து வெட்டுவார்கள். மேல்மாடி என்பதால் நர்சரிதான் முதலில் கெடும். வாளிகள் வைத்திருக்கும், தரையில் நடமாட விடமாட்டார்கள்.

போரில் அந்த வீட்டை என்ன செய்தார்கள் என்றும் முடிவு செய்யுங்கள். ராணுவம் தங்கினால் மாடிப்படிக் கைப்பிடிக் கம்பங்கள் விறகாகியிருக்கலாம். சாட்ஸ்வொர்த்தில் 1939 முதல் 1946 வரை பென்ரோஸ் கல்லூரி மாணவிகள் இருந்தார்கள், பெரிய அரசறைகளில் வரிசையாகக் கட்டில் போட்டுத் தூங்கினார்கள். அத்தனை பேர் மூச்சின் ஈரத்தில் சில ஓவியங்களின் பின்னால் பூஞ்சை படர்ந்தது.

வசந்தத்தில் அவள் திரும்பி வருவதானால் இதையும் வையுங்கள்: ஏப்ரல் முதல் ஜூன் வரை பழைய ஓக் உத்திரங்களுக்குள் ஒரு வண்டு இணையைக் கூப்பிட மரத்தில் தலையை முட்டும். வேகமாக ஆறேழு தட்டு, நிறுத்தம், மறுபடி. பகல் இரைச்சலில் கேட்காது. நோயாளிக்குக் கண்விழித்திருக்கும் இரவில் கேட்கும் என்பதால் சாவுச் சகுனமாக எடுத்துக்கொண்டார்கள், நர்சரிப் பேய்க்கதைகளில் பாதி இதிலிருந்து வந்தவை. 1908 குளிர்காலக் காட்சியில் மட்டும் அந்தச் சத்தத்தைப் போடாதீர்கள், அப்போது வண்டு தட்டாது.